வெட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள்

சித்திரை வெயிலில் மலைப்பாதை ஏறும் பேருந்து ஒன்று, ஓரமாக நின்று ஆவி கக்கிக்கொண்டிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். ஓட்டுநர் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு காத்திருப்பார். நடத்துநர் தண்ணீர் தேடிப் போயிருப்பார். "எஞ்சின் சூடேறிவிட்டது" என்று பயணிகள் பேசிக்கொள்வார்கள்.

இதே தொல்லை இன்னும் கடுமையாக வரும் இடம் ஒன்று உண்டு. அதுதான் கார்ப் பந்தயத் தடம். நம் மாநிலத்துக்கு இது புதிதல்ல. சென்னைக்கு அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தின் மேல் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. 2003-ல் கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில், சுமார் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே திறக்கப்பட்டது. இத்தகைய தடங்களில் ஓட்டுவதற்காகப் பழைய கார் ஒன்றை வாங்கி, தாங்களே பழுது பார்த்துத் தயார் செய்யும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விரும்பிச் செய்யும் வேலைகளில் ஒன்று, பானெட்டில், அதாவது எஞ்சினை மூடியிருக்கும் முன் மூடியில், ஓட்டை வெட்டுவது. உள்ளே தேங்கும் சூடு வெளியே போகட்டும் என்பது நோக்கம்.

இது வீண் வேலை என்று சிலர் சொல்கிறார்கள். கார் தயாரித்தவர்களுக்குத் தெரியாதா என்று கேட்கிறார்கள். வேறு சிலரோ, பெரிய பந்தயக் கார்களின் படத்தைப் பார்த்து, அதே போன்ற ஓட்டையை அதே இடத்தில் வெட்டிவிடுகிறார்கள். இரண்டு கூட்டத்தாரோடும் எனக்கு உடன்பாடு இல்லை. வீட்டில் செய்யும் இந்த வேலை நல்ல அறிவியலாக இருக்க முடியும். ஆனால் வெட்டுவதற்கு முன் அளந்து பார்த்தால்தான். அளக்காமல் வெட்டிய ஒருவனுடைய அனுபவத்திலிருந்து இதைச் சொல்கிறேன். அந்த ஒருவன் நான்தான்.

எவ்வளவு சூடு?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 60 குதிரைத்திறன் கொண்ட ஒரு சாதாரணக் காரை எடுத்துக்கொள்வோம். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆகவே எஞ்சினின் முழுத் திறன் ஏறத்தாழ 45 கிலோவாட். பெட்ரோல் எரிந்து கிடைக்கும் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. மீதியில் பெரும்பகுதி எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரில் சேர்கிறது. அப்படியானால் முழுத் திறனில் ஓடும்போது அந்த நீர் சுமக்க வேண்டிய வெப்பம் 45 கிலோவாட்டை நெருங்கலாம். 1500 வாட் மின்சாரக் கெட்டில்கள் முப்பதை ஒரே சமயத்தில் போட்டதற்குச் சமம் இது!

நிதானமாகப் பொள்ளாச்சி போய்வரும் காருக்கு இந்தத் திறனில் ஒரு சிறு பகுதியே தேவை. ஆகவே சூடும் குறைவு. பந்தயத் தடத்தில் அப்படியல்ல. ஓட்டுநரின் கால் பெரும்பாலான நேரம் ஆக்சிலரேட்டரை அழுத்தியபடியே இருக்கும். காரைத் தயாரித்தவர்கள் அறியாதவர்கள் அல்லர். அவர்கள் சாலையை நினைத்துச் செய்தார்கள். மழை நீர் உள்ளே போகக் கூடாது, சத்தம் வெளியே வரக் கூடாது என்றெல்லாம் பார்த்தார்கள். இவர்கள் ஓட்டுவது வேறு இடத்தில். தேவை மாறும்போது அமைப்பை மாற்ற நினைப்பது தவறாகாது.

இந்த வெப்பத்தை நீரிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டியது, ரேடியேட்டர் வழியாகப் பாயும் காற்று. ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 1000 ஜூல் தேவை. காற்று ரேடியேட்டரைக் கடக்கையில் 30 டிகிரி சூடேறுகிறது என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு ஒன்றரைக் கிலோ காற்று பாய வேண்டும். அதாவது ஒன்றேகால் கன மீட்டருக்கும் சற்று அதிகம். ஒவ்வொரு வினாடியும் ஒரு பீரோ அளவுக் காற்று முன்பக்கமாக உள்ளே வந்தாக வேண்டும். அதைவிட முக்கியம், வந்த காற்று வெளியே போயாக வேண்டும். வெளியே போக வழியில்லாத காற்று உள்ளேயும் வராது.

நீர் போதுமான வெப்பத்தை இழக்காவிட்டால் என்ன ஆகும்? ரேடியேட்டர் மூடி, பிரஷர் குக்கரின் வெயிட் போலவே அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கிறது. அதனால் நீர் 100 டிகிரியில் கொதிக்காமல், 118 டிகிரி வரைகூடத் தாங்கும். அதையும் தாண்டினால் நீருக்குள் ஆவிக் குமிழிகள் தோன்றும். எஞ்சினின் அலுமினியத் தலைப்பகுதி வளையும். அதற்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையிலுள்ள கேஸ்கட் கிழியும். (சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். அழுத்தம் விடுபட்டவுடன் கொதிநீர் முகத்தில் சீறிப் பாயும்.)

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் இயற்பியல் படித்த பழைய மாணவர் ஒருவர் இத்தகைய கார் ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பழைய வண்டி. செட்டிபாளையத்தில் நான்காவது சுற்றிலேயே சூடுகாட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிடும். ஒரு முறை கேஸ்கட்டும் போயிருந்தது. "சார், பானெட்டில் எங்கே ஓட்டை போடலாம்?" என்று கேட்டார்.

நான் சற்றும் தயங்கவில்லை. கரும்பலகையில் வரைவது போல ஒரு காகிதத்தில் வரைந்தும் காட்டினேன். "சூடான காற்று மேலே எழும். பானெட்டின் உயரமான இடம் பின்பக்கம், கண்ணாடிக்கு அருகில். அங்கே வெட்டு" என்றேன்.

தகடு வெட்ட வந்த டிங்கர் பெரியவர் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவர் கேட்டார்: "ஏனுங்க சார், வெட்டுறதுக்கு முன்னாடியே காத்து எங்க போகுதுன்னு பார்க்க ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?"

"சூடான காற்று மேலேதானே போகும்? இதைப் பார்க்க வேறு வேண்டுமா?" என்று சொல்லிவிட்டேன்.

வெட்டி முடித்து எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். வண்டி நின்றிருந்தபோது, திறப்பின் மேல் அனல் நெளிந்து எழுவது கண்ணுக்கே தெரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் தடத்தில் ஓடியபோது, நான்காவது சுற்றுக்கு முன்பே முள் சிவப்புக்குப் போனது. அன்று மாலை கேஸ்கட் மறுபடியும் போயிற்று. யோசனை என்னுடையது, செலவு அவருடையது.

எங்கே பிழை?

சூடான காற்று மேலே எழும் என்பது பொய்யா? இல்லை, முழு உண்மை. ஆனால் அந்த விசை எவ்வளவு என்று நான் கணக்கிடவே இல்லை. நீங்கள் இப்போது கணக்கிடுங்கள். 35 டிகிரியில் காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1.15 கிலோ. 80 டிகிரியில் சுமார் 1.0 கிலோ. வித்தியாசம் 0.15. எஞ்சின் அறையின் உயரம் அரை மீட்டர் என்று கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கம் 9.8. மூன்றையும் பெருக்கினால் வருவது 0.7 பாஸ்கல்.

இனி ஓடும் காரின் மேல் மோதும் காற்றைப் பாருங்கள். அதன் அழுத்தத்தை அறிய, அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். கணக்கிட்டால் சுமார் 450 பாஸ்கல் வரும். முன்னதைப் போல அறுநூறு மடங்குக்கும் மேல்! நின்ற வண்டியில் 0.7 பாஸ்கலுக்குப் போட்டியில்லை; அனல் எழுந்தது. ஓடும் வண்டியில் அது பெருங்காற்றில் ஊதிய மூச்சு மட்டுமே.

அப்படியானால் ஓடும் காரில் காற்றின் போக்கைத் தீர்மானிப்பது எது? இடத்துக்கு இடம் மாறும் அழுத்தம். காற்று அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் போகும். காரின் மூக்கில் காற்று நேராக மோதுகிறது. அங்கே அழுத்தம் அதிகம். பிறகு அது பானெட்டின் முன் விளிம்பைச் சுற்றி வளைந்து மேலே வழிகிறது. வளைந்து செல்லும் எதற்கும் மையநோக்கு விசை வேண்டும் என்று படித்திருக்கிறீர்கள். அந்த விசை காற்றுக்கு எங்கிருந்து கிடைக்கும்? வெளியே அழுத்தம் கூடுதலாகவும், தகட்டை ஒட்டி அழுத்தம் குறைவாகவும் இருப்பதால்தான் கிடைக்கிறது. ஆகவே பானெட்டின் முன்பகுதியில் அழுத்தம் தாழ்ந்திருக்கும்.

பின்னால் முன்கண்ணாடியின் அடிக்குப் போனால் நிலைமை தலைகீழ். அங்கே காற்று கண்ணாடியில் முட்டி மேல்நோக்கித் திரும்ப வேண்டியிருக்கிறது. அழுத்தம் மறுபடி உயர்கிறது. இதற்குச் சாட்சி உங்கள் தெருவிலேயே நிற்கிறது. எந்தக் காரையும் பாருங்கள். முன்கண்ணாடியின் அடியில் துளையிட்ட பட்டை ஒன்று இருக்கும். காருக்குள் இருப்பவர்களுக்கு வெளிக்காற்று நுழையும் வழி அது. அமெரிக்காவில் 1969 கமரோ காரில், எஞ்சின் எரிப்பதற்கான காற்றை இதே இடத்திலிருந்து உறிஞ்சும் பானெட்டை விற்றார்கள்.

காற்று உள்ளே வருவதற்குச் சிறந்த இடத்தில், காற்று வெளியே போகட்டும் என்று நான் ஓட்டை வெட்டச் சொல்லியிருக்கிறேன்! பின்வழியாகப் புகுந்த காற்று, ரேடியேட்டர் வழியாக வந்த காற்றுக்கு இடம் விடாமல் நின்றது.

பத்து ரூபாய் நூலும் கொஞ்சம் நீரும்

இதை வெட்டுவதற்கு முன்பே அறிந்திருக்க முடியுமா? எளிதாக முடியும். பெரியவரின் கேள்விக்கான பதில் என் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே இருந்தது.

முதலில் கம்பளி நூலை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, திறப்பின் ஓரங்களில் டேப்பால் ஒட்டினோம். வண்டி வேகமெடுத்தவுடன் நூல்கள் எல்லாம் உள்நோக்கி இழுக்கப்பட்டன. என் கண்ணாலேயே பார்த்தேன்.

அடுத்து மானோமீட்டர். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ஒளிபுகும் டியூபை யு வடிவில் வளைத்து, ஒரு பலகையில் கட்டி, நடுவில் அளவுத்தாள் ஒட்டி, மை கலந்த நீரை ஊற்றினோம். பலகையைக் காரின் குறுக்காக வைத்தோம். நீளவாக்கில் வைத்தால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் நீர் ஒரு பக்கம் சாயும். டியூபின் ஒரு முனையைப் பானெட்டுக்கு அடியிலும், மறுமுனையை அதே இடத்தில் பானெட்டின் மேலும் ஒட்டினோம். மேல்முனை காற்றை எதிர்நோக்கக் கூடாது. பக்கவாட்டில் திரும்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மோதும் காற்றையும் சேர்த்தே அளந்துவிடும். நீர் எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கம் அழுத்தம் அதிகம். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் 9.8 பாஸ்கல். தடத்தில் மற்ற வண்டிகள் இல்லாத நேரத்தில், நேர்ப்பகுதியில் 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்ட, பக்கத்து இருக்கையிலிருந்து நான் அளவைக் குறித்தேன்.

பழைய ஓட்டை இருந்த இடத்தில் வெளியழுத்தமே 5 மில்லிமீட்டர் அதிகம். முன்பக்கத்தில், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், உள்ளழுத்தம் 11 மில்லிமீட்டர் அதிகம். வேறு சாட்சி வேண்டுமா?

பெரியவர் பழைய ஓட்டையைத் தகடு வைத்து ரிவெட் அடித்து மூடினார். பானெட்டின் அடியிலுள்ள பலம் தரும் சட்டங்களில் கை வைக்காமல், முன்பக்கம் இரண்டு திறப்புகளை வெட்டினார். கையைக் கிழிக்காதபடி ஓரங்களை மடித்தார். ஒவ்வொரு திறப்பின் முன் விளிம்பிலும் ஒரு விரல் உயரத் தகட்டை நிமிர்த்தி வைத்தார். அந்தத் தகட்டுக்குப் பின்னால் அழுத்தம் இன்னும் தாழும். காற்று எளிதாக வெளியேறும். ரேடியேட்டரைச் சுற்றியிருந்த சந்துகளையும் ரப்பர் ஷீட்டால் அடைத்தார். இல்லாவிட்டால் காற்று ரேடியேட்டருக்குள் நுழையாமல் சந்து வழியாக நழுவிவிடும்.

அடுத்த முறை பத்துச் சுற்று ஓடியும் முள் சிவப்பைத் தொடவில்லை. "வெற்றி!" என்றேன் நான். பெரியவர் விடவில்லை. "ரெண்டு வேலை ஒண்ணாச் செஞ்சமுங்க. எதனால ஆச்சுன்னு எப்படிங்க தெரியும்? திறப்பை டேப் போட்டு மூடி ஓட்டிப் பாருங்க" என்றார்.

ஓட்டினோம். ஏழாவது சுற்றில் முள் ஏறத் தொடங்கியது. டேப்பைப் பிரித்தோம், மறுபடி இறங்கியது. ஆக, சந்தை அடைத்ததில் கொஞ்சம் பலன். திறப்பில் மீதிப் பலன். ஒரு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான். அதைச் செய்யச் சொன்னவர் அவர்.

பெரிய இடத்திலும் இதே பாடம்

இப்படித் தடுமாறியது நாங்கள் மட்டுமல்ல. 1920-களில் பல விமான எஞ்சின்களின் சிலிண்டர்கள் காற்றில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. திறந்து கிடந்தால்தானே குளிரும் என்று எண்ணினார்கள். நாசாவின் முன்னோடியான அமெரிக்க விமானவியல் ஆலோசனைக் குழுவில், ஃப்ரெட் வீக் என்ற பொறியாளரின் தலைமையில், லாங்லி காற்றுச் சுரங்கத்தில் இதைச் சோதித்தார்கள். ஒன்றல்ல, பத்து விதமான உறைகளைச் செய்து, ஒவ்வொன்றிலும் இழுவையையும் சூட்டையும் அளந்தார்கள். எஞ்சினை முழுதும் மூடி, காற்று வரும் வழியையும் போகும் வழியையும் சரியாக அமைத்தால், சூடும் அடங்கும், இழுவையும் குறையும் என்று தெரிந்தது. 1928-ல் இந்த உறையைப் பொருத்திய ஒரு கர்ட்டிஸ் விமானத்தின் உச்ச வேகம் மணிக்கு 118 மைலிலிருந்து 137 மைலாக உயர்ந்தது. நிறையத் திறந்தால் நிறையக் குளிரும் என்ற எண்ணம், அளந்து பார்த்தபோது நிற்கவில்லை.

"ஒரு தகடுதானே, வெட்டிப் பார்த்துத் தவறினால் மூடிவிடலாமே, இவ்வளவு அளப்பு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. முயன்று தவறிக் கற்பதும் ஒரு வழிதான். ஆனால் எதையும் அளக்காமல் முயன்றால், தவறினோம் என்பதுகூடத் தெரியாமல் போகலாம். நின்ற வண்டியில் எழுந்த அனலைக் கண்டு நான் ஏமாந்ததைப் போல. மேலும், தவறின் விலையை எப்போதும் யோசனை சொன்னவரே கொடுப்பதில்லை.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் பந்தயத் தடத்துக்கென ஒதுக்கிய வண்டிக்கு மட்டும். அப்பாவின் காரையோ பக்கத்து வீட்டு வேனையோ தேடிப் போகாதீர்கள். சாலை வண்டியில் மழை நீர் மின்கம்பிகளின் மேல் கொட்டும். பானெட்டின் பலமும் குறையும்.

வண்டி இல்லாமலே இந்தச் சோதனையை உங்கள் வீட்டில் செய்யலாம். அட்டையால் ஒரு கார் செய்யுங்கள். மூக்கில் ஒரு சதுரத் துளை, பானெட்டின் முன்பக்கம் ஒன்று, கண்ணாடியின் அடியில் ஒன்று வெட்டுங்கள். துளைகளின் ஓரங்களில் மெல்லிய நூல் ஒட்டி, மேசை விசிறிக்கு முன் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு துளையை மட்டும் திறந்து, மற்றதை டேப்பால் மூடுங்கள். ஆனால் விசிறியைப் போடுவதற்கு முன், நூல் எந்தப் பக்கம் ஆடும் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். நூல் வேறு பக்கம் ஆடினால் தாளைக் கிழித்துவிடாதீர்கள். எங்கே தவறினோம் என்று கண்டுபிடிக்க அந்தத் தாள்தான் உதவும். நானும் அன்று பெரியவரின் கேள்விக்கு ஒரு தாளில் பதில் எழுதிவைத்து, பத்து ரூபாய் நூல் வாங்கியிருந்தால், ஒரு கேஸ்கட் மிஞ்சியிருக்கும்.